கிள்ளானில் நான் கேட்காமல் விட்ட கடை

கிள்ளானுக்கு இது என்னுடைய ஆறாவது பயணம். முந்தைய ஐந்தையும் பற்றி இந்த வலைப்பூவில் எழுதியிருக்கிறேன். எங்கே தோசை முறுகலாக இருக்கும், எங்கே சேலை மலிவு என்றெல்லாம் எழுதினேனே தவிர, ஏன் அடிக்கடி போகிறேன் என்பதை மட்டும் எழுதவில்லை. அதை இன்று எழுதிவிடுகிறேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அழகு நிலையத்தில் பதினான்கு வருடமாக நூலால் புருவம் திருத்துகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. கிள்ளானில் எனக்கென்று ஒரு சின்னக் கடை போட வேண்டும் என்பது ஆசை. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காணொளி பார்த்தேன். வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது போலத் தினமும் எழுதுங்கள், பிறகு உள்ளுணர்வே வழி காட்டும் என்றார் அதில் பேசியவர். நம் வழக்கப்படி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், காலையில் விளக்கேற்றியதும் நோட்டில் எழுதினேன்: ‘கிள்ளானில் எனக்கு ஒரு கடை இருக்கிறது.’ யாரிடமும் மூச்சு விடவில்லை. காரியம் கைகூடும் முன்னே வெளியில் சொன்னால் கண்பட்டுவிடும் என்று கேட்டுத்தானே வளர்ந்திருக்கிறோம்! பக்கத்து நாற்காலியிலேயே வேலை செய்யும் என் முதலாளி அக்காவுக்குக்கூடத் தெரியாது.

சரி, பயணத்துக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் ஏழு நிமிட நடை. போர்ட் கிள்ளான் என்று போட்டிருக்கும் கொமுட்டர் ரயிலில்தான் ஏற வேண்டும். எதிர்த்திசை வண்டியில் ஏறி நான் ஒருமுறை சும்மா ஊர் சுற்றியிருக்கிறேன், நீங்கள் சுற்ற வேண்டாம். போன செவ்வாய் 9.10க்கு ஏறி 10.15க்கு இறங்கினேன். தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், கட்டணம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) தாண்டாது. நடுப்பெட்டி பெண்களுக்கு. குளிர் எலும்பு வரை போகும், கையில் ஒரு துப்பட்டா இருக்கட்டும்.

கிள்ளான் நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியா கடைத்தெரு ஐந்து நிமிட நடை. இரண்டு தோசையும் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக்கும் ஆறு வெள்ளி ஐம்பது காசு. சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல அந்தக் கடையைப் பார்க்கப் போனேன்.

அது ஒரு பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இறக்கிய ஷட்டரில் ‘வாடகைக்கு’ என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி எண். முதல் முறை பார்த்தபோதே உடம்பு சிலிர்த்தது. இதுதான் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அது பொய் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. எண்ணைப் படம் எடுத்துக்கொண்டேன், ஆனால் அழைக்கவில்லை. ஓர் உத்தரவு வரட்டும் என்று இருந்தேன். இரண்டாவது முறை நான் அங்கே நின்றபோது கோயில் மணி அடித்தது. மூன்றாவது முறை பூக்கூடையோடு ஒரு பெண் எதிரே வந்தாள். நான்காவது முறை கூரையிலிருந்து பல்லி சொன்னது. ஐந்தாவது முறை ஒன்றுமே நடக்கவில்லை. அதையும் ‘இன்னும் கொஞ்சம் பொறு’ என்று எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

இந்த முறை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே யாரோ கண்ணாடி அலமாரி பொருத்திக்கொண்டிருந்தார்கள். நேராகப் பாத்திரக் கடைக்குள் போய், கல்லாவில் இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“அங்கிள், பக்கத்துக் கடை யாரோடது?”

“என்னோடதுதான்மா. போன வியாழக்கிழமை கொடுத்துட்டேன். போன் ரிப்பேர் கடை வருது.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “நீ இங்க அடிக்கடி வந்து நிப்பியே? யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்.”

“இல்ல அங்கிள். இந்தக் கடைக்குத்தான்.”

“அட, உள்ள வந்து கேட்டிருக்கலாம் லா! மூணு மாசமா சும்மாதானே கெடந்துச்சு.”

“வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு...”

“யார் கண்ணு, என் கண்ணா? இதுக்கே இப்பதான் ஆப்பரேஷன் ஆகியிருக்கு!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேலோ கடை எடுத்தவர்மேலோ எனக்குக் கோபமில்லை, என்மேல்தான். மணி அடித்தது, பூ வந்தது, பல்லிகூடச் சொன்னது. நான் ஒருத்திதான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு (மூன்று வெள்ளி) நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். நோட்டில் எழுதியது வீண் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்பதை அந்த நாற்பத்தெட்டு நாள்தான் எனக்குத் தெளிவாக்கியது. உள்ளுணர்வும் சரியான வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்குப் பிறகு நான் தேடிய சகுனம் எல்லாம் பயம். ‘இல்லை’ என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாரோ என்ற பயம். கண்படும் என்பது அதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சாக்கு.

எழுந்து அதே தெருவில் நான்கு கடை ஏறி, வாடகைக்கு இடம் உண்டா என்று கேட்டேன். நான்கிலும் இல்லை என்றார்கள். முகம் சிவந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. நான்காவது கடை ஆன்டி மட்டும், “ஒன் நம்பர் கொடுத்துட்டுப் போ. எவனாவது காலி பண்ணா சொல்றேன்,” என்றார்.

2.50 ரயிலில் திரும்பினேன். வீட்டுக்குப் போகவில்லை, விடுமுறை நாளில் வேலையிடத்துக்கே போனேன். அக்கா ஒரு வாடிக்கையாளருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். நூலின் ஒரு முனை அவர் பல்லில் இருந்ததால் பேச முடியாது. இதுதான் சமயம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அக்கா இரண்டு புருவத்தையும் நிதானமாக முடித்தார். பிறகு நூலை எடுத்தார்.

“பதினாலு வருஷமா பக்கத்து நாற்காலியில இருக்க. இத எங்கிட்ட சொல்லுறதுக்கு நீ கிள்ளான் வரைக்கும் போய்ட்டு வரணுமா?”

அக்காவின் கண் கலங்கியிருந்தது. நான் விட்டுப் போகிறேனே என்பதற்கா, சொல்லாமல் இருந்துவிட்டேனே என்பதற்கா, கேட்கத் துணியவில்லை.

கிள்ளான் போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள், கூட்டம் இருக்காது. ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் தவறவிட்டால் அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு போகிறவர்கள், அங்கே இருப்பவரிடம் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

நானும் கேட்கிறேன். கிள்ளானில் எனக்கு ஒரு கடை வேண்டும். பத்தடிக்குப் பதினைந்தடி போதும், தண்ணீர்க் குழாய் அவசியம். தெரிந்தவர்கள் கீழே எண்ணைப் போடுங்கள். அன்றைக்கே அழைப்பேன்.