நாத்தனாரின் சாக்ஸ்

இஸ்திரிக்கடைக்காரிக்கு நாத்தனார் மேல் இருந்தது பழுத்த கோபம். நின்று நின்று இவள் கால் வீங்கிய நாளிலிருந்து, நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் "தூண் வருது, வழி விடுங்க" என்று சொல்லிச் சிரித்தவள் அந்த மகராசி. இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள்.

கடைசியில் நாத்தனார் காலும் வீங்கி, ஆறாத புண் வந்தது. முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸைப் போட்டுவிட்டார் டாக்டர். பகலில் கழற்றினால் புண் மறுபடி வாய் திறக்கும், அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்றும் சொல்லிவிட்டார். சாக்ஸுக்குள் பொத்தான் அளவில் ஒரு சென்சார். இறுக்கம் குறைந்தால் பக்கத்துத் தெருவிலிருக்கும் இவள் போனுக்குத் தகவல் வந்துவிடும். மகன் வெளியூரில், நாத்தனாருக்கு வேறு நாதியில்லை.

இவளுக்குக் கேட்கவா வேண்டும்! போன் கத்தியதும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கடையில் நிற்கிறவர்கள் காதில் விழக் கத்துவாள்.

"அண்ணி, சாக்ஸக் கழட்டிட்டீங்களா? சின்னப் புள்ளையா நீங்க? போடுங்க!"

அன்றைக்கு வேலை அலுப்பே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை போன் வாயை மூடிக்கொண்டது. எடுத்துப் பார்த்தாள். நடந்தால் ஏறி, படுத்தால் இறங்க வேண்டிய இறுக்கக் கோடு, கயிறு கட்டின மாதிரி நேராகக் கிடந்தது. சாக்ஸ் காலில் இல்லை, வேறெதிலோ மாட்டியிருக்கிறது என்று உடனே விளங்கிவிட்டது. யாரை ஏமாற்றப் பார்க்கிறாள்! ஒரு போன் போட்டால் போதும். போடவில்லை. "வீங்கட்டும், நல்லா வீங்கட்டும்" என்று வாய்விட்டே சொல்லி, ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் பகலெல்லாம் கோடு நேராகவே போனது. இவளுக்கு வயிறு குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போக வந்தவள், சோபாவில் உருளைத் தலையணை சாக்ஸ் போட்டுப் படுத்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்திலேயே நாத்தனார். புண் திறந்து, சுற்றிய துணி நனைந்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் இவள் நாக்கு நுனிக்கு வந்தது.

அதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"உன் கத்தல் தாங்காமத்தான் தலகாணியில மாட்டினேன். மறுநாளே வலி உயிர் போச்சு. குனிஞ்சு போடவும் முடியல, உன்னக் கூப்பிடவும் வெக்கமா இருந்துச்சு. நீ எப்படியும் கண்டுபிடிச்சிருவ, திட்டிக்கிட்டே வந்து போட்டுவிடுவன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். உனக்குத் தெரியாமப் போச்சாடி?"

"தெரியல அண்ணி" என்றாள் இஸ்திரிக்கடைக்காரி.