என் குரலில் வந்த பதில்

கோவில்பட்டியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கிறேன். போனில் கூப்பிடும் மாணவர்களின் சந்தேகங்களுக்கு என் குரலிலேயே பதில் சொல்லும் கல்லூரியின் ஏ.ஐ. செயலிக்குப் பெருமையோடு குரல் கொடுத்தேன்.

விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, கடம்பூர் மாணவி செல்வி, டி.சி. வாங்கிக்கொண்டு அப்பாவோடு நின்றாள்.

"ஏட்டி, படிப்ப ஏன் விடுத?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க? வீட்டுல கல்யாணத்துக்கு அவசரப்படுத்துதாவ, என்ன செய்யன்னு போன்ல கேட்டேன். அனுசரிச்சுப் போ தாயின்னு சொன்னீங்கல்லா."

"அது நான் இல்லட்டி, மிஷினு! நீ படி."

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி, டீச்சரம்மா" என்று அவர் அவளை அழைத்துப் போய்விட்டார்.

குரலை நீக்கச் சொல்லிக் கேட்டேன். கல்லூரி மறுத்துவிட்டது. இந்நேரமும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.