ஸாதியா வீட்டுப் பற்றரிகள்

காத்தான்குடியில் வீடு பெண்ணுடையது. கல்யாணத்தோடு மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். என் தங்கை ஸாதியாவைக் கட்டிய றிஸ்லானும் அப்படித்தான் வந்தான். அவன் பெட்டிக்குள் துணிமணியைவிடப் பற்றரிகள் அதிகம். கல்யாண வீடுகளில் நான் கீழே நின்று வீடியோ எடுப்பேன். அவன் பாகம் பாகமாகத் தானே பூட்டிய ட்ரோனைப் பறக்கவிட்டு, பந்தலையும் வாவிக்கரையையும் மேலிருந்து எடுப்பான். தங்கமான மனிதன். வாய்தான் திறக்கமாட்டான்.

அந்த ட்ரோன் பற்றரி ஒவ்வொன்றிலும் மூன்று செல்கள். மூன்றும் ஒரே அளவில் நிறைய வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் பற்றரி கெட்டு வீங்கும், சிலவேளை தீயும் பிடிக்கும். சமப்படுத்தும் வேலையைச் சார்ஜர் கடைசியில்தான் முடிக்கும், அதுவும் ஆமை வேகத்தில். அதுவரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். றிஸ்லான் இருப்பான், தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை. பாங்கு கேட்டதும், ஆளில்லாமல் விடக்கூடாதென்று கழற்றிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவான். திரும்பி வந்தால் கல்யாண வீட்டிலிருந்து போன் கோல் மேல் கோல். நிறைந்த மட்டும் போதுமென்று கிளம்பிவிடுவான். தொழுகை, காவல் என்ற இரண்டு ஒழுங்குகளையும் தவறாமல் காத்தவனின் பற்றரிகள் ஒவ்வொன்றாகக் கெட்டதுதான் கொடுமை.

ஒருநாள் கழற்றி வைத்த பற்றரி ஒன்று தானாகவே தீப்பிடித்து, ஸாதியாவின் திரைச்சீலை கருகிப்போனது.

"இன்னொருக்கா இப்படி நடந்தா இதெல்லாம் ஊட்டுக்குள்ள இரிக்கப்படாது," என்றாள்.

அவனுக்கு வேறு இடம் கிடையாது. உம்மாவின் வீடு அவன் தங்கைக்குப் போய்விட்டது. ஸாதியா வெளியே போடச் சொன்னால் தொழிலும் போச்சு. அன்றிலிருந்து மண் போட்ட சட்டிக்குள் பற்றரியை வைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சார்ஜ் ஏற்றினான். ஸாதியாவை அண்டவிடுவதில்லை, பயந்துபோவாளாம். எனக்கு எரிச்சலாக வரும். பெண்டாட்டிக்கு ஒளிக்கிற சாமானா அது?

போன வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஒரு கல்யாணம். கடைசிப் பற்றரி நிறையும் முன்பே ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டது. நான் கூப்பிடப் போனபோது றிஸ்லான் வயரில் கை வைத்திருந்தான்.

"கழட்டாதீங்க. நான் இரிக்கன், நீங்க போங்க," என்றாள் ஸாதியா.

அவன் தயங்கினான். வேறு வழியும் இல்லை. "பற்றரி வயிறு ஊதினா உடனே வயரக் கழட்டு. சட்டியோட முத்தத்துல வெச்சிட்டுத் தள்ளி நில்லு," என்றான்.

தொழுதுவிட்டு வந்தோம். முற்றத்து நடுவில் சட்டி. அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. றிஸ்லானின் முகம் வெளிறிப்போனது. ஸாதியா தள்ளி நின்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போயிர்ரன்," என்றான் அவன் மெதுவாக.

"எங்க எடுத்துக்கொண்டு போகப் போறீங்க? ஊதின உடனே கழட்டிக் கொணந்து வெச்சிட்டன். ஊட்டுக்கு ஒண்டும் ஆகல்ல," என்றாள் ஸாதியா. "இந்த ரெண்டு வார்த்தய அப்பவே சொல்லித் தந்தா என்ன? என்னத்தப் பாக்கணும் எண்டு தெரியாமத்தானே ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துப் பொழச்சன்."

எனக்கே கண் கலங்கியது.

ஸாதியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனி நீங்க பள்ளிக்குப் போனா நான்தான் பாப்பன். உள்ள வாங்க, சார்ஜர்ல ஓடுற மூணு நம்பரும் என்னெண்டு சொல்லுங்க," என்றாள்.

றிஸ்லான் அழுதேவிட்டான்.