‘கோசோங்’ என்றால் திருப்பிவிடுவேன்

போன வருடம், புகைமூட்டம் பினாங்கையே மூடியிருந்த ஒரு காலை. ஆயர் ஈத்தாமிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டிப் பிறையில் உள்ள தொழிற்சாலைக்கு நாங்கள் நான்கு பெண்கள் என் காரில்தான் சேர்ந்து போவோம். ஓட்டுவது நான். பக்கத்தில், இடது இருக்கையில், என்னைவிட மூத்த அக்கா ஒருவர்.

பாலத்தில் நெரிசல் என்றால் நான் ஒரு திருட்டு வேலை செய்வேன். இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று விட்டிருக்கும் தடத்தில் நைசாக நுழைந்து முன்னேறிவிடுவேன். “அக்கா?” என்பேன். “கோசோங்” என்று பதில் வரும். மலாயில் காலி என்று பொருள். திரும்பிக்கூடப் பார்க்காமல் வளைத்துவிடுவேன். மூன்று வருடமாக இதே கூத்து. நாலு பேர் ஒரே காரில் போகிறோமே, நமக்கொரு சலுகை வேண்டாமா என்று நியாயம் வேறு பேசுவேன்.

அன்று பாலத்தில் ஏறியதும் கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கு மட்டும் புகைக்குள் மங்கலாக எரிந்தது. பின்னால் இருவரும் முகக்கவசத்தோடு தூங்கிவிட்டார்கள். அப்படி ஓர் அமைதி, எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வேலைக்கோ நேரமாகிறது.

“அக்கா?”

“கோசோங்.”

மெதுவாக வளைத்தேன். ஐயோ! புகைக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து வந்தது. என் காரைத் தவிர்க்க ஒடித்தவர் பாலத்தின் தடுப்பில் மோதினார். வண்டி சரிந்தது. அவருடைய பாதி உடம்பு தடுப்புக்கு வெளியே, கடலுக்கு மேலே தொங்கியது.

“அக்கா!” என்று கத்தினேன்.

அக்காவின் தலை சன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. முகக்கவசத்துக்குள்ளிருந்து அதே நிதானமான குரல் வந்தது: “கோசோங்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இறங்கி ஓடி அந்த மனிதரின் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தேன். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு தப்பினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. “ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்ல தங்கச்சி?” என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அக்காவை உலுக்கி எழுப்பிக் கேட்டேன். பாவம், திருதிருவென்று விழித்தார்.

“பாலமா? நான் பாலத்தப் பாத்தே ரொம்ப நாளாச்சுலா. ஒன் காடில ஏறி ஒக்காந்ததும் தூங்கிருவேனே.”

இப்போது என் தடத்தை விட்டு நான் நகர்வதே இல்லை. ஆனாலும் அந்த மூன்று வருடக் காலைகளில் எத்தனை பேர் என் இடப்பக்கம் நூலிழையில் தப்பிப் போனார்களோ என்று நினைத்தால், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை இன்றும் வேர்த்துவிடுகிறது.