பிஸ்கட் தின்ற எலிகள்

“எலிக்குப் பசிச்சா அது கத்தாது. சும்மா நம்மளையே பார்க்கும், அவ்வளவுதான்.”

கூண்டுக்காரர் இதைச் சொன்னபோது அவர் மனைவி எலியைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. பேத்தி பிறந்த சேதி வந்ததிலிருந்து கால் தரையில் படாமல் திரிந்தவள், குழந்தையைப் பார்க்க எப்போது கிளம்பலாம் என்றுதான் கேட்டாள். அவரோ போகலாம் போகலாம் என்று மழுப்பிக்கொண்டே இருந்தார். பேத்தி என்றாலே அவருக்கு வாயெல்லாம் பல்லாகும். அடுத்த நொடியே முகம் தொங்கிவிடும்.

ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கூண்டு கழுவுவார், மரத்தூள் மாற்றுவார், தீனி வைப்பார். எலிகளோடேயே தலை நரைத்ததால் பெயரும் கூண்டுக்காரர் என்றே ஆகிவிட்டது. அங்கே ஒரு பெண் கணையத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். தேநீர் குடிக்கும்போது அவருக்கும் விளக்கியிருக்கிறாள். சாப்பாடு குடலில் இறங்கியதும் கணையத்துக்குச் சேதி போகுமாம், அது செரிமான நீரைச் சுரக்குமாம். இன்னொரு சேதி வந்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்லுமாம். நரம்புகளே சுரக்கிற துளியூண்டு பொருள்கள்தான் இப்படிச் சேதி கொண்டு போகின்றனவாம். நியூரோபெப்டைடு என்று ஏதோ பெயர் சொன்னாள், அது அவர் வாயில் நுழையவில்லை. ‘போதும்’ என்கிற பொருளை ஊசியில் ஏற்றி, எலியின் கணையத்திலிருந்து மெல்லிய குழாயில் நீரை வடித்து, எவ்வளவு குறைகிறது என்று அவள் அளப்பாள். அதற்கு எலி முந்தின ராத்திரியிலிருந்தே பட்டினி கிடக்க வேண்டும். கொஞ்சம் தீனி உள்ளே போனாலும் ‘சுரந்துவிடு’ என்கிற சேதி முந்திக்கொள்ளும், கணக்கே கெட்டுவிடும்.

இதெல்லாம் தெரிந்தவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அன்று விடியற்காலையில் கூண்டறையைத் திறக்கும்போது மருமகனிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். அந்தக் கூடத்தில் ஈ காக்கை இல்லை. சட்டைப் பையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தது. பட்டினி எலிகள் கம்பி வழியாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு துண்டு உடைத்துப் போட்டார். கொறித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. உடனே கூண்டுகளைத் துடைத்து, பிஸ்கட் தூள் தெரியாமல் செய்தார். கொடுத்ததைச் சந்தோஷத்தின் மேல் போட்டுவிடலாம். துடைத்ததை எதன் மேல் போடுவது?

அன்றைக்கு ஊசி போட்டும் நீர் குறையவில்லை. ஓர் எலிக்கு ஒழுகியது, இன்னொன்றுக்குச் சொட்டியது. சோதனையோடு உயிர் போகிற எலிகள் வீணாகச் செத்ததுதான் மிச்சம். பேராசிரியர் அந்தப் பெண்ணுக்கு மருந்து கலக்கவே தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுத்தார். வேலையை வேறொருவரிடம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். அவள் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூண்டுக்காரர் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நின்றார்.

“எலி பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். நீங்க ஏங்க என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறீங்க?” என்றாள் மனைவி.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் திட்டவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் பிறந்தபோது அவளைப் பெற்றவர்களும் இப்படித்தானே துள்ளியிருப்பார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊருக்கு எடுத்து வைத்த பையை ஓரமாக நகர்த்தினாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இன்று காலை பேராசிரியர் அறைக்குள் போய் நின்றார். அந்தப் பெண்ணும் அங்கே இருந்தாள்.

“சார், இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. பட்டினி எலிக்கு நான்தான் பிஸ்கட் போட்டேன். தெரியாம இருக்கக் கூண்டையும் துடைச்சு வச்சுட்டேன்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். புது எலிகளை எடுத்து முதலிலிருந்து தொடங்கும்படி பெண்ணிடம் சொன்னார். கூண்டறைச் சாவி இனி அவளிடமே இருக்கட்டும் என்றார். கூண்டுக்காரர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. இத்தனை வருஷம் செய்யாததை அன்றைக்கு மட்டும் ஏன் செய்தீர்கள் என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது.

அவர் தலை நிமிரவில்லை.

“பேத்தி பிறந்துட்டாம்மா. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. அந்த நேரத்துல அங்க அதுங்கதான் இருந்துச்சு.”