தென்னிந்தியாவுக்குப் போன குழு

ஊழியம் செய்யும் ஆசையில் நான் அந்தப் பள்ளியில் சேரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத அகதி நான். ஸ்கீவ நகரில் ஒரு சின்ன அறையும், கிழமைக்கு நான்கு நாள் டேனிஷ் வகுப்பும் தந்திருந்தார்கள். அம்மா மன்னாரிலிருந்து படகேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் அகதி முகாமில் இருந்தார். அப்பா முன்னரே இறந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. ஒரு தாயும் மகனும் இரண்டு நாட்டில் அகதிகளாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வரும்.

பக்கத்துத் தெருவில் இருந்த பெந்தெகொஸ்தே அண்ணை ஒருவர்தான் வழி சொன்னார்.

"தம்பி, இங்கால ஒரு பண்ணையில மிஷனரிமாரைப் பழக்கிற பள்ளிக்கூடம் இருக்கு. ஆறு மாசம் படிப்பு, பிறகு ரெண்டு மாசம் வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். போனமுறை தென்னிந்தியாவுக்கும் போனவை."

அவர் அதற்குப் பிறகும் நிறையச் சொன்னார். என் காதில் விழவில்லை. விண்ணப்பத்தில், தேவன் உங்களை எப்படி அழைத்தார் என்று ஒரு கேள்வி இருந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவ்வளவு எழுத எனக்கு வருமென்று எனக்கே தெரியாது. அம்மாவுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லிக் கடிதம் போட்டேன். நாங்கள் கத்தோலிக்கர். "எங்கயெண்டாலும் போ, செபமாலையை மட்டும் விட்டிடாதை. கெதியா வா" என்று பதில் வந்தது.

அமெரிக்கர் ஒருவர் தொடங்கிய பள்ளி என்பதால் அந்தப் பண்ணைக்கு 'ராஞ்ச்' என்று பெயர். பெயரைக் கேட்டுத் தொப்பி போட்ட குதிரை வீரர்களை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்தார்கள். முப்பது பசுக்கள், இரண்டு கிழட்டுக் குதிரைகள், எந்நேரமும் காற்று. அயலில் இருந்த விவசாயிகள் அந்தப் பெயரைச் சொல்லும்போதே சிரிப்பார்கள். அமெரிக்கர் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார். நான் போனபோது பொறுப்பாக இருந்தவர் பால்பண்ணை வைத்திருந்த ஒரு டேனிஷ்காரர். பழைய வைக்கோல் களஞ்சியத்தின் கீழ்த்தளம் வகுப்பறை, மேல்தளம் எங்கள் அறைகள். காலையில் வேதபாடம், மாலையில் பண்ணை வேலை. மாணவர்கள் இருபது பேர் இருந்திருப்போம். எல்லோரோடும் உடைந்த ஆங்கிலத்தில்தான் கதைத்தேன். ஆனால் நினைவில் அவர்கள் எல்லோரும் என் தமிழில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு 'அமைதி நேரம்'. ஆளுக்கொரு இடம் பிடித்துத் தனியே உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். மற்றவர்கள் வயலுக்கும் குளத்தோரத்துக்கும் போனார்கள். நான் மாட்டுக்கொட்டிலுக்குப் போனேன். பண்ணையிலேயே சூடான இடம் அதுதான். பொறுப்பாளர் அதைக் கண்டுவிட்டு, நம்முடைய ஆண்டவர் பிறந்த இடத்தைத் தேடிப் போகிறான் இந்தப் பிள்ளை என்று எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார். குளிருக்குப் பயந்து போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து என்னைக் கொஞ்சம் பக்தியோடு பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பார்வை உடம்பெல்லாம் கடித்தது.

என் அறைத்தோழன் மேற்குக் கரை மீனவர் ஒருவரின் மகன். என் வயதுதான். பெரிய சிவந்த கைகள், சின்னப் பேச்சு. சிறுவயதிலிருந்தே அவனுக்குக் கானா நாட்டுக்குப் போக வேண்டும். அங்குள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு அவனுடைய ஊர்த் தேவாலயம் உதவி வந்தது. கட்டிலுக்கு மேலே கானாவின் வரைபடத்தை ஒட்டியிருந்தான். என் அலுமாரிக் கதவின் உட்பக்கம் அம்மாவின் படம் இருந்தது. அவனும் நானும் மீனைப் பற்றித்தான் அதிகம் கதைத்தோம். வினாகிரிப் புளிப்பில் ஊறிய பச்சை மீனை அவன் பாண் துண்டில் வைத்துச் சாப்பிடும்போது, "இதைப் பூனையும் தின்னாது" என்பேன். அவன் இன்னொரு துண்டை எடுத்து வைப்பான்.

தையில் அந்த மூன்று நாட்கள் வந்தன. எந்தக் குழு எங்கே போவதென்று பள்ளி தீர்மானிக்காது. மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அந்த முறை போர்ச்சுகல், கானா, தென்னிந்தியா. மூன்று நாள் மௌனமாக இருந்து, தேவன் எங்கே போகச் சொல்கிறார் என்று கேட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எப்படிக் கேட்டது என்று சொல்ல வேண்டும்.

நான் உண்மையாகவே கேட்டுப் பார்த்தேன். யாரும் நம்ப வேண்டியதில்லை. கொட்டிலில் முழந்தாளில் நின்று, நீயாக ஒருமுறை சொல்லிவிடு, பொய் சொல்ல வைக்காதே என்று மன்றாடினேன். மாடு அசைபோடும் சத்தம்தான் கேட்டது. முதல்நாளே எழுதிக் கொடுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று மூன்றாம் நாள் மாலைவரை தாளைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். "கனவு கண்டனான். ஒரு கடற்கரை. கரையில நிண்டு ஒரு பொம்பிளை என்னைக் கூப்பிட்டவ" என்றேன்.

வகுப்பறை முழுக்க ஆமென் என்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பொறுப்பாளர் வந்து கட்டிப்பிடித்தார். எனக்குப் பக்கத்தில் அறைத்தோழன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தது அவன் முறை. "தென்னிந்தியா" என்றான். எப்படிக் கேட்டது என்றதற்கு, "கேட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் பால் கறக்கும்போது அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கென்ன விசரே? கானா கானா எண்டு நிண்டவன் நீ."

"அந்தக் கடற்கரைப் பொம்பிளை அலுமாரிக்குள்ள இருக்கிறவதானே?" என்று கேட்டான்.

நான் பால் வாளியைத் தள்ளி வைத்தேன்.

"விசயம் தெரிஞ்ச ஒருத்தன் உன்னோட வாறது நல்லம்" என்றான். பிறகு அடுத்த மாட்டுக்குப் போய்விட்டான். இரவெல்லாம் நெஞ்சை அழுத்திய பொய்யில் பாதியை அவன் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது.

குழுவில் எட்டுப் பேர். நான்தான் மொழிபெயர்ப்பாளன், வழிகாட்டி, எல்லாம். கையால் சாப்பிடப் பழக்கினேன். வலதுகையால் என்று எத்தனை தரம் சொன்னாலும் இடதுகையை நீட்டினார்கள். நான் சீறி விழுந்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டு மறுபடியும் நீட்டினார்கள். அந்தச் சில கிழமைகள்தான் டென்மார்க்கில் நான் முதன்முதலாகச் சந்தோஷமாக இருந்த நாட்கள். படுக்கையில் கிடந்து, முகாம் வாசலில் அம்மா என்னை அடையாளம் காணும் நேரத்தை மாற்றி மாற்றி நினைத்துப் பார்ப்பேன். சில நாள் ஓடி வருவார். சில நாள், தாடி வளர்த்ததற்கு ஏசுவார்.

என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். விண்ணப்பித்துப் பல மாதமாகியிருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான், காத்திருக்க வேண்டும் என்றார்கள். பண்ணையின் கடிதப்பெட்டி பெரிய தெருவில் இருந்தது. சரளைப் பாதையில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தபால் வரும் நேரத்துக்கு நான் அங்கே நின்றேன். வாயைத் திறக்காத அந்தத் தபால்காரர் கடைசியில் என்னைத் தூரத்தில் கண்டதுமே இல்லையென்று தலையாட்டத் தொடங்கினார். அந்தத் தலையைத் திருகினால் என்ன என்றுகூட எனக்கு வந்தது.

புறப்பட ஒரு கிழமை இருந்தபோது, என் பத்திரத்துக்காகப் பள்ளி முழுக்க ஒரு நாள் உபவாசம் என்று அறிவித்தார்கள். சமையற்காரப் பெண்மணி அடுப்பே மூட்டவில்லை. மத்தியானம், பனிக்குள் விறகு வெட்டிவிட்டு வந்த பிள்ளைகள் வெறுந்தண்ணீரைக் குடித்துவிட்டு எனக்காக முழந்தாளில் நின்றார்கள். ஒருத்தி, அந்தக் கடற்கரைப் பெண் இன்னும் காத்திருக்கிறாள் ஆண்டவரே என்று ஜெபித்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"நிப்பாட்டுங்கோ. நான் கனவு ஒண்டும் காணேல்ல. அங்க என்ர அம்மா இருக்கிறா. அகதி முகாமில தனிய இருக்கிறா. அவவைப் பாக்கத்தான் நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கே வந்தனான். தேவன் எனக்கு ஒண்டும் சொல்லேல்ல. எழும்பிப் போய்ச் சாப்பிடுங்கோ."

குரல் உயர்ந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். பொறுப்பாளர் முழந்தாளிலிருந்து எழுந்தார்.

"அம்மாவைப் பாக்கப் போறதுக்குக் கனவு என்னத்துக்கு?" என்றார். பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நாளைக்கும் உபவாசம்" என்றார்.

மறுநாளும் யாரும் சாப்பிடவில்லை. ஆறு மாதமாக அவர்களை முட்டாள்கள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். சொல்லியிருந்தால் முதல்நாளே சேர்த்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. அம்மா எங்கே என்று அவர்களும் கேட்கவில்லை.

பத்திரம் வரவில்லை.

மாசியில் ஒரு காலை, ஏழு பேர் வான் வண்டியில் ஏறினார்கள். என்னுடைய கடிதத்தையும், ஒரு டின் வெண்ணெய் பிஸ்கட்டையும், கொட்டிலில் நீல மேலங்கியோடு நான் நிற்கும் படத்தையும் அறைத்தோழனிடம் கொடுத்தேன். "கண்டிட்டு வாறன்" என்றான். வான் சரளைப் பாதையில் திரும்பி மறைந்த பிறகு பசுக்கள் கத்தத் தொடங்கின. மற்றக் குழுக்களும் போய்விட்டதால் கறக்க ஆளில்லை. நான் போய்க் கறந்தேன். இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன். ஜெபிக்கச் சொன்னபோது ஜெபித்தேன், பாடச் சொன்னபோது பாடினேன். உடம்பு இங்கேயும் உயிர் அங்கேயுமாகக் கிடந்தேன். அம்மாவை அவன் இன்று பார்த்திருப்பான், நாளைக்குப் பார்ப்பான் என்று எண்ணும்போது பொறாமையில் வயிறு எரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயணப் பத்திரம் அடுத்த வருடம்தான் வந்தது. அதற்குள், ஒரு மாரிகாலக் காய்ச்சலில், அம்மா அந்த முகாமிலேயே இறந்துபோனார். நான் அவரைப் பிறகு காணவேயில்லை.

ஆகவே எனக்கு மிச்சமிருப்பது அதற்கு முந்திய சித்திரையில் அறைத்தோழன் திரும்பி வந்த அந்தப் பிற்பகல்தான். வெயிலில் கறுத்து, மூக்கு உரிந்து, பயணப்பையைக்கூட அறையில் வைக்காமல் நேரே கொட்டிலுக்கு வந்தான். நான் மாட்டின் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"கண்டனியா?"

"ஓம். கண்டனான்."

"என்ன சொன்னவ?"

"முதல்ல என்னைப் பாக்கேல்ல. எனக்குப் பின்னால றோட்டைப் பாத்தவ. கன நேரம் பாத்தவ. பிறகுதான் உள்ள வரச் சொன்னவ."

சோறும் மீன்குழம்பும் கொடுத்தாராம். அவன் வலதுகையால் சாப்பிட்டானாம். படத்தைப் பார்த்து, படிக்க அனுப்பினால் மாடு மேய்க்கிறானா என்று கேட்டாராம். மொழிபெயர்க்க உள்ளூர்ப் போதகர் ஒருவர் கூட இருந்தாராம். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்ல வைத்தேன். ஆனால் நான் கேட்க நினைத்திருந்தது ஒன்றுதான்.

"மெலிஞ்சு போனாவா?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் அவவை முன்னம் கண்டதில்லையே."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் இங்கே மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

"வெளிக்கிடேக்க என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"விளங்கேல்ல. போதகர் வெளியில போய் பஸ்ஸை மறிச்சுக்கொண்டு நிண்டவர். கையைப் பிடிச்சுக்கொண்டு ஏதோ சொன்னவ."

"எப்படிப் பிடிச்சவ?"

அவன் குனிந்து என் இடதுகையை எடுத்தான். மணிக்கட்டுக்கு மேலே, இரண்டு கைகளாலும், கட்டைவிரல் நரம்பில் அழுந்த, இறுக்கிப் பிடித்தான். அம்மாவின் பிடிதான். வெளிநாடு வர நான் கொழும்புக்குப் புறப்பட்ட அன்றும் அப்படித்தான் பிடித்தார். பஸ் வந்துவிட்டது, பஸ் வந்துவிட்டது என்று கத்தி, கையை உதறிவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை.

"நீ கையை இழுத்தனியா?"

"இல்லை. அவவா விடட்டும் எண்டு நிண்டனான்."

"பஸ்?"

"அது போயிட்டுது. அடுத்ததில வந்தம்."

அவன் என் கையை விடாமல் நின்றான். நானும் இழுக்கவில்லை.