வெல்லம் போடாத தட்டு

திண்டிவனத்தில் ஒரு காபி கிளப்பின் எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கிளம்பி, செஞ்சி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சட்டையில் பஜ்ஜி வாடை போகவில்லை. மார்கழிக் குளிர் உச்சிவேளையிலும் உடம்பில் இருந்தது. கோட்டை மலை தெரிந்த இடத்தில் கால் ஓய்ந்துபோய், சாலையோரத்து வீடு ஒன்றில் தண்ணீர் கேட்டேன்.

வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. மறுநாள் கிறிஸ்துமஸ். அந்த வீட்டு அக்கா கேழ்வரகு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன், ஒரு பாதம் முழுக்கத் துணிக்கட்டு.

"எண்ணெச்சட்டி வெக்காம இன்னா பண்டிக? வர்றவன் துக்க வூடுன்னு நெனச்சிப்பான்."

"நெனச்சிக்கட்டும். உனக்குக் காலு வேணுமா, அதிரசம் வேணுமா?"

தண்ணீர் கொடுத்துக்கொண்டே அக்கா விவரம் சொன்னாள். முள் குத்திய புண், அறுப்புக்கு முன்னால் வந்தது, இன்னும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் நீரிழிவு என்றார்கள். இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் விடாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்குமாம். குத்தகை நிலத்தில் பாடுபட அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று செய்தால் அவர் கை ஊருக்குச் செய்ததில்தான் விழும். அதனால் எல்லாருக்கும் ஒரே பலகாரம் என்று முடிவு செய்திருந்தாள்.

கிளப்பில் வேலை செய்தவன் என்றதும் தோசைக்கல்லை என் பக்கம் தள்ளினாள். மாவில் முருங்கைக்கீரையும் எள்ளும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து, எண்ணெய் விடாமல் மெல்லிசாகத் தட்டினேன். முதலில் போட்டவை கல்லோடு ஒட்டிக் கிழிந்தன. வெங்காயத்தை நறுக்கிக் கல்லில் தேய்த்த பிறகு வந்தன. தணலோரம் சாய்த்து வைத்ததில் ஓரளவு மொறுமொறுப்பும் வந்தது. மொச்சையும் மிளகும் உள்ளே வைத்துக் கொழுக்கட்டை அவித்தோம். குளிருக்குச் சுக்குத் தண்ணீர், வெல்லம் இல்லாமல்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "புள்ள பெத்தவளுக்குத்தான் கஷாயம் குடுப்பாங்க. பாலன் பொறந்ததுக்கு எனக்கு எதுக்கு?"

ராத்திரி அங்கேயே திண்ணையில் படுத்தேன். காலையில் அக்கா பூசைக்குப் போய்வந்ததும், அக்கம்பக்கத்து இந்து வீடுகளுக்குத் தட்டு கொண்டுபோகும் வேலை எனக்கு. பண்டிகைத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது அந்தப் பக்கம் வழக்கமில்லை. சர்க்கரைக்கு ரேஷன் வந்த காலம் அது. ஆனால் கரும்பு ஆட்டத் தொடங்கியிருந்ததால் வீட்டுக்கு வீடு வெல்லம் இருந்தது. அக்கா இதை யோசிக்கவில்லை. நானும்தான். முதல் தட்டில் வந்த வெல்லக் கட்டிகளைக் கட்டில் பக்கம் வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் அவருடைய ஒரு கன்னம் உப்பியிருந்தது.

அக்கா கத்தவில்லை. அடுப்பெதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம், "தம்பி, இனிமே போற வூட்டுல இனிப்பு வேணான்னு சொல்லிடு. அவங்க கோச்சிக்கிட்டாலும் பரவால்ல," என்றாள்.

கொடுப்பதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த வீட்டில் தட்டை நீட்டித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அந்த வீட்டம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாது? நல்ல நாளும் அதுவுமா வெறுந்தட்டு அனுப்பணுமா? எங்க வூட்டு வெல்லம் இன்னா கசக்குதா?"

"அதில்லம்மா. அவரு காலு..."

"இன்னும் ஆறலியா அது?" குரல் இறங்கிவிட்டது. உள்ளே போய் அவரைக்காயை அள்ளிவந்து தட்டில் குவித்தாள். "இதப் போட்டாலும் தட்டு ரொம்புதில்ல? அந்தாள வாயக் கட்டச் சொல்லு."

சேதி எனக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும். மற்றத் தட்டுகளில் கேட்காமலே கீரையும் பச்சை மிளகாயும் கத்தரிக்காயும் விழுந்தன.

"பண்டிகையா, சந்தையா?" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

சாயங்காலம் அக்கா கட்டை அவிழ்த்தபோது புண்ணைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கடலை வாடுது. காலைல தண்ணி எறைக்கணும்," என்றார்.

"இந்தக் காலோட சேத்துல எறங்குவியா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "கவலை ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"மாட்டுக்குத் தெரியும்."

மறுநாள் விடிந்ததும் கிணற்றடிச் சரிவில் கவலை இறைக்க மாடுகளைப் பூட்டினேன். அவை முன்னால் இறங்கும்போது கிணற்றிலிருந்து சால் என்கிற பெரிய வாளி ஏறித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மேலேறும். வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து கூடவே இறங்கினேன். சேறு சில்லென்றிருந்தது. வெயில் வரும்வரை இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன்.